மோட்டர் ஏன் எரிகிறது? வயருக்குள் தொலைந்துபோகும் வோல்ட்டேஜ்

மீள்குடியேறி ஊருக்கு வந்தபோது எங்கள் வீட்டில் சுவர்கள் மட்டும் நின்றன. சுவருக்குள் பதித்திருந்த செப்புக் கம்பியைக்கூட யாரோ உருவிக்கொண்டு போயிருந்தார்கள். கையிலிருந்த காசுக்குக் கிடைத்த வயரைத் துண்டு துண்டாக முறுக்கித்தான் 60 மீற்றர் தள்ளியிருந்த தோட்டக் கிணற்றுக்கு மின்சாரம் இழுத்தோம். வெங்காயம் வாடுகிற நேரத்தில் வயரின் தடிப்பை யார் பார்த்தது?

எட்டு மாதத்தில் இரண்டு தடவை மோட்டரின் கொயில் கருகியது. லைனில் வோல்ட்டேஜ் இல்லை என்று நானும் அயலவர்களைப் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொயில் கட்டித் தந்தவர்தான் ஒருநாள் மீற்றரோடு வந்து, மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு இடத்தில் அளந்தார். வீட்டு மெயின் சுவிட்சில் 226 வோல்ட். கிணற்றடியில் 203.

இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது 6 வீதம் கூடக்குறைய, அதாவது 216 முதல் 244 வரை இருக்கலாம். ஆகவே வாசல்வரை வந்தது சரியாகத்தான் வந்திருந்தது. 23 வோல்ட்டை விழுங்கியது எங்கள் வயர்.

எந்தக் கம்பிக்கும் தடை உண்டு. மின்னோட்டத்தை அந்தத் தடையால் பெருக்கினால் இழப்பு வரும். நீளம் கூடினால் தடை கூடும், தடிப்பு கூடினால் குறையும். நாங்கள் போட்டது 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர். கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 18 ஓம். பலர் மறப்பது, போன மின்சாரம் திரும்பியும் வரவேண்டும் என்பதை. 60 அல்ல, 120 மீற்றர். அது 2.2 ஓம். ஒரு குதிரைவலு மோட்டர் ஏறக்குறைய 6 அம்பியர் இழுக்கும். இழப்பு 13 வோல்ட்.

மிச்சம் 10 வோல்ட் எங்கே? மூன்று முறுக்கு மூட்டுகளில். 10 வோல்ட்டும் 6 அம்பியரும் சேர்ந்தால் 60 வோட்ஸ். பழைய குண்டு மின்குமிழ் ஒன்றின் சூடு அவ்வளவும் ரேப் சுற்றிய மூட்டுகளுக்குள் இருந்திருக்கிறது. ரேப் உருகிக் கறுத்திருந்தது. செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்கினால் இன்னும் மோசம். அலுமினியத்தின் மேல் படியும் ஒட்சைட்டுப் படை மின்சாரத்தைக் கடத்தாது. கரையோர உப்புக்காற்றில் அந்த மூட்டு கெதியாக அரிக்கும்.

வோல்ட்டேஜ் குறைந்தால் குமிழ் மங்கும், அவ்வளவுதான். மோட்டர் அப்படியல்ல. வோல்ட்டேஜ் 10 வீதம் குறைந்தால் அதன் முறுக்குவிசை 19 வீதம் குறையும். தூக்கவேண்டிய தண்ணீர் குறையாது. அதனால் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துக் கொயில் சூடேறும். தொடங்கும் நொடியில் ஓட்டம் ஐந்தாறு மடங்காவதால் வயரின் இழப்பும் அப்போதுதான் மிகப் பெரிது. சுழலாமல் உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டரை உடனே நிறுத்திவிடுங்கள்.

மெயினிலேயே 216க்குக் கீழே காட்டினால் குறை வெளியே. ட்ரான்ஸ்போமருக்குத் தூரமான கடைசி வீடுகளில், எல்லோரும் விளக்குப் போடும் மாலை நேரத்தில் இது நடக்கும். நேரத்தையும் அளவையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போய் முறையிடுங்கள். சில குமிழ்கள் மங்க, வேறு சில வழமையைவிடப் பிரகாசித்தால் நியூட்ரல் விட்டிருக்கக்கூடும். மெயினை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மெல்லிய வயருக்கு ஸ்ரெபிலைசர் மருந்தல்ல. இழப்பும் சூடும் வயரில் அப்படியே இருக்கும்.

மூட்டே இல்லாமல் 4 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டோம். வயருக்கான காசு இரண்டு தடவை கொயில் கட்டிய காசைவிடக் கூடத்தான். இப்போது இழப்பு 3 வோல்ட் சொச்சம். பழைய வயரில் பழுதில்லாத துண்டொன்று மாட்டுக்கொட்டில் குமிழுக்குப் போகிறது. 9 வோட்ஸ் எல்ஈடி குமிழுக்கு அதில் கால் வோல்ட்கூட இறங்காது.