ஒரு தோல் வாஷரின் கதை



லேத் பட்டறை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர், காயலான் கடையில் எடை விலைக்கு ஒரு பழைய ஹைட்ராலிக் பிரஸ் வாங்கியிருக்கிறார். கையால் பம்ப் அடிக்கிற வகை. அடித்தால் ஏறுகிறது, நிற்காமல் இறங்கிவிடுகிறதாம். "திரும்ப எடைக்கே போட்டுடலாமா சார்?" என்று போனில் கேட்டார். "பொறுங்க தம்பி, முதலில் சீலைப் பாருங்க" என்றேன். அந்தச் சீலுக்கு ஒரு வரலாறு உண்டு.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சுகளை ரப்பர் குழாயால் இணைத்துக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? சின்ன பிஸ்டன் 1 சதுர செ.மீ., பெரியது 100 சதுர செ.மீ. என்றால், இங்கே 10 கிலோ எடை வைத்தால் அங்கே 1000 கிலோவைத் தாங்கும். இதை விளக்கிய பாஸ்கலின் நூல் அவர் இறந்த மறு வருடம், 1663-ல் வெளிவந்தது. ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பதிவானது 1795-ல்தான். பெற்றவர் லண்டனில் பூட்டுத் தொழில் செய்த ஜோசப் பிராமா.

பிராமாவுக்கு ஒரு தலைவலி இருந்தது. பிஸ்டனைச் சுற்றி அடைப்பை இறுக்கினால், அழுத்தம் போன பிறகும் பிஸ்டன் கீழே இறங்காமல் பிடித்துக்கொள்ளும். தளர்த்தினால் தண்ணீர் பீய்ச்சும். இதற்கு வழி கண்டவர் அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்று சொல்வார்கள். கவிழ்த்த 'ப' போல மடித்த ஒரு தோல் வளையம், அவ்வளவுதான். தண்ணீர் அந்த மடிப்புக்குள் புகுந்து, தோலின் ஓரங்களைப் பிஸ்டன் மேலும் சிலிண்டர் மேலும் தானே அழுத்தும். அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகும், அழுத்தம் போனால் தளர்ந்துவிடும். கசிய வைத்த தண்ணீரையே காவலுக்கு வைத்தார் மனிதர்! எனக்கு இந்த இடம் எப்போது நினைத்தாலும் வியப்புதான்.

தம்பி பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்ததும் தோல்தான். காய்ந்து அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. சிலிண்டரைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அளவெடுத்து, புது சீல் போட்டு, காற்றை வெளியேற்றி எண்ணெய் நிரப்பினார். இப்போது நிற்கிறது.

இதைப் படித்துவிட்டு யாராவது பழைய பிரஸ் வாங்கப் போனால் ஒன்று கவனியுங்கள். சீலை மாற்றலாம், விரிசல் விட்ட வார்ப்பிரும்புச் சிலிண்டரை நம்பக்கூடாது. 1849 ஆகஸ்டில் வேல்ஸில் பிரிட்டானியா பாலத்தின் இரும்புக் கூண்டைத் தூக்கிக்கொண்டிருந்த பிரஸ்ஸின் சிலிண்டர் அடிப்பக்கம் உடைந்தது. ஏற ஏறக் கீழே முட்டுக் கொடுத்து வரும்படி ராபர்ட் ஸ்டீபன்சன் முன்பே சொல்லியிருந்ததால், கூண்டு சில அங்குலங்கள் மட்டும் இறங்கி நின்றது.

மாட்ஸ்லே என்ன ஆனார்? வாரம் 30 ஷில்லிங் சம்பளம். குடும்பம் பெருகியது, கூட்டிக் கேட்டார், பிராமா மறுத்தார். 1797-ல் விலகித் தனிப் பட்டறை வைத்தார். அங்கே வேலை கற்றவர்களில் ஒருவர் ஜோசப் விட்வொர்த். திருகு மரைக்குப் பொது அளவு வேண்டுமென்று 1841-ல் முன்வைத்தவர். பழைய பிரிட்டிஷ் இயந்திரங்களில் நம் மெட்ரிக் ஸ்பானர் பொருந்தாமல் வழுக்குகிறதே, அங்கெல்லாம் பெரும்பாலும் அவர் மரைதான்.