புயத்தின் பாரம்

தவில் பழகவரும் பிள்ளை முதலில் வாயால்தான் தவில் அடிக்கிறான். தொடையில் தாளம் போட்டபடி 'தகதிமி', 'தகதகிட' என்று சொல்லிச் சொல்லி நாக்குப் புரண்ட பிறகே கை மரக்கட்டைக்குப் போகும். தவிலின் இரு முகங்களான வலந்தலையையும் தொப்பியையும் தொட இன்னும் நாள் செல்லும். யாழ்ப்பாணத்து இணுவிலிலும் அளவெட்டியிலும் இந்த ஒழுங்கைப் பார்த்து வளர்ந்தவன் நான். ரொறன்ரோவில் பள்ளிக்கூட இசைக்குழுவில் டபுள் பாஸ் பழகத் தொடங்கிய என் பெறாமகள் தன் பாடப்புத்தகத்தைத் தொலைபேசியில் காட்டியபோது வியந்துபோனேன். அதில் வாய்க்கு வேலையே இல்லை. எந்த விரல் எங்கே நிற்கவேண்டும் என்பதே பக்கம் பக்கமாக இருந்தது.

கருவியின் அளவுதான் அதற்குக் காரணம். வயலின் தந்தியின் அதிரும் நீளம் ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர்; டபுள் பாஸில் அது 105 அளவில் வரும். வெறுந்தந்தியைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால், சுத்த ரிஷபத்தைப் பிடிக்க வயலினில் 2 சென்ரிமீற்றருக்கும் குறைவாகவே விரல் போகவேண்டும். பாஸில் கிட்டத்தட்ட 6. அவ்வளவு தூரத்தில் மோதிரவிரலுக்குத் தனியாக நிற்கப் பலம் போதாது. அது சுண்டுவிரலோடு சேர்ந்துகொள்கிறது. சுட்டுவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை கையை விரித்தாலும் ஒரு முழுச்சுரம்தான் அகப்படும். பொஹீமியாவில் 1840இல் பிறந்து, வியன்னாவில் பல்லாண்டு கற்பித்த பிரான்ஸ் சிமாண்டல் இந்தக் கைக்கணக்கைக் கருவியின் கழுத்து நீளத்துக்கு இடம் இடமாகப் பிரித்து நூலாக்கினார். பல நாடுகளில் மாணவர்கள் இன்றும் அந்த நூலில்தான் தொடங்குகிறார்கள்.

பாஸ் உலகம் இப்படி இடத்தை எழுதிவைத்தது. தவில் உலகம் காலத்தை வாயில் வைத்தது. தொடக்கப் பாடமாக எது மேல் என்று கேட்டால், தயங்காமல் தவிலின் வழியைத்தான் சொல்வேன். லயம் உடம்பில் ஊறிய பிள்ளைக்குக் கை பின்னால் வந்துசேரும். விரலிடம் மட்டும் தெரிந்த பிள்ளை, பக்கத்தில் இன்னொருவர் வாசிக்கும்போது தடுமாறிப்போகும். எங்கள் மேளங்களில் சிறுவனிடம் முதலில் தாளத்தைக் கொடுத்து, விடியவிடிய நடக்கும் மேளச் சமாவில் பெரியவர்களுக்கு நடுவே நிறுத்திவைப்பதும் இதற்காகவே.

ஆனால் எழுத்துக்கு ஒரு பெருந்தன்மை உண்டு. 1931இல் அலெப்போவில் பிறந்த பாஸ் கலைஞர் பிரான்சுவா ரப்பாத்துக்குக் குரு கிடையாது. பெய்ரூத்தில் ஒரு தையற்கடையில் கிடைத்த எத்துவார் நானியின் பழைய பயிற்சி நூலை வைத்துக்கொண்டு தானே பழகினார். பிறகு அந்த ஆசிரியரையே தேடிப் பாரிசுக்குப் போனார். நானி 1942இலேயே இறந்துவிட்டிருந்தார். காணாத குருவின் நூலில் தொடங்கிய அந்த மனிதர்தான் பின்னாளில் கழுத்தை ஆறே இடங்களாகப் பிரித்துப் புதிய முறையொன்றை எழுதினார்.

எங்கள் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் கதை இதற்கு நேர் எதிர். 1933இல் பிறந்த அவர் தவில்காரர் விசுவலிங்கத்தின் மகன். அப்பாவின் கையே அவருக்கு முதல் நூல். பிறகு தமிழகத்தில் நாச்சியார்கோவில் இராகவபிள்ளையிடமும் பயின்றார். 1975இல் மறைந்த அவரது வாசிப்பை இயக்குநர் அம்ஷன் குமார் ஆவணப்படமாக்கியிருக்கிறார். அந்த மேதைமைக்கு வீட்டுவழிப் பயிற்சி கொடுத்ததை நான் குறைக்கவில்லை. ஆனாலும் அந்த வீடுகளின் வாசல் பிறப்பால் திறந்தது. சாதியும் ஆண்பிள்ளை என்பதும் அதன் திறப்புகளாக இருந்தன. அயல்வீட்டில் அதே சொற்கட்டைக் கேட்டு வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு ரப்பாத்துக்குக் கிடைத்த தையற்கடைப் புத்தகம்போல ஒன்றும் கிடைக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது.

இரண்டு மரபும் ஒன்றைமட்டும் எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. சிமாண்டலின் நூலை முழுதாகப் படித்தாலும் வில் பிடித்த கை எவ்வளவு பாரத்தைத் தந்தியில் இறக்கவேண்டும் என்று தெரியாது. ஜேர்மன் முறையில் உள்ளங்கை வில்லின் கீழிருந்து தாங்கும். பிரெஞ்சு முறையில் மேலிருந்து கவியும். எதுவானாலும் அமுக்கினால் தந்தி கரகரக்கும். தோளைத் தளர்த்திப் புயத்தின் பாரத்தைத் தொங்கவிட்டால்தான் அந்தத் தடித்த தந்தி முழங்கும். தவிலிலும் அப்படித்தான். ஒரே 'தகதிமி'யை இரண்டு பேர் வாசிக்க, ஒருவர் கையில் நான்கு எழுத்தும் தனித்தனியாக விழுகின்றன. மற்றவர் கையில் இரைச்சல் ஆகின்றன. விரலில் மாட்டிய கூடும் பூவரசங்கழியும் இருவருக்கும் ஒன்றே. வேறுபாடு மணிக்கட்டில் இருக்கிறது. வாசிப்பவனுக்கு அது தெரியாது, இறுக்கம் பழகிப்போயிருக்கும். எதிரே இருக்கும் அனுபவசாலிக்குத்தான் கண்ணில் படும்.

போன மாதம் பெறாமகள் தொலைபேசி எடுத்தாள். "சித்தப்பா, இண்டைக்கு ரீச்சர் வாசிக்கவே விடேல்லை. என்ரை முழங்கைக்குக் கீழை தன்ரை கையை வைச்சு, பாரத்தை முழுக்கத் தன்னட்டைத் தரச் சொன்னா. எனக்குத் தரத் தெரியேல்லை."

எத்தனை நேரம் என்று கேட்டேன். அரை மணித்தியாலமாம். இணுவிலில் ஒரு பெரியவர் பொடியனொருவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "விடு, விடு" என்று ஒரு பின்னேரம் முழுக்கச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். அதை அவளுக்குச் சொன்னேன்.