அரக்கு மெருகு (பழைய மரச்சாமான்களில்)

அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தால் மெல்லிய படலங்களாக மரத்தில் ஏற்றும் பூச்சு. தச்சர் வழக்கில் பிரெஞ்சு பாலிஷ். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவியது. தேக்கு, ஈட்டி மரங்களில் செய்த பழைய அலமாரி, நாற்காலிகளில் இன்றும் காணலாம்.

பழுதுபார்க்குமுன் பூச்சு எதுவென்று அறிய வேண்டும். மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்தால் அரக்கு இளகிப் பிசுபிசுக்கும். வார்னிஷ் எளிதில் இளகாது. இந்தக் கரையும் குணமே அரக்கின் பெரிய வசதி: புதிய படலம் பழையதோடு ஒன்றிவிடுவதால், தேய்ந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம், முழுவதும் சுரண்ட வேண்டியதில்லை. சூடான டம்ளர் பதிக்கும் வெள்ளை வளையம் பெரும்பாலும் பூச்சில் சிக்கிய ஈரமே. ஸ்பிரிட் சற்றே நனைத்த துணியால் மேலோட்டமாக வருடினால் மறையக்கூடும்.

அழுக்கை நன்கு பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்தி, தேன்மெழுகு தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் உலராது. தூசியைப் பிடித்து வைக்கும். உப்புத்தாளோ காலம் ஏற்றிய நிறத்தையே உரித்துவிடும். அதை இயன்றவரை தவிர்ப்பதே நல்லது.