மோனலா, இன்கோனலா?

இறுக்கிய போல்ட் ஒரு விறைத்த ஸ்பிரிங். நட்டைத் திருகத் திருகப் போல்ட் மயிரிழை நீள்கிறது. மீண்டும் சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் இரண்டு ஃபிளேஞ்சுகளையும் கவ்விப் பிடிக்கிறது. போல்ட் உடையாமல் இருந்தால் மட்டும் போதாது, இழுப்பும் தளரக் கூடாது. நிக்கல் கலவைப் போல்ட்களில் பேர்பெற்ற மோனல் கே-500, இன்கோனல் 718 இரண்டையும் இப்படித்தான் எடைபோட வேண்டும்.

இரண்டும் இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தின் பிள்ளைகள். மூத்தது மோனல், 1900களின் தொடக்கத்தில் பிறந்து, நிறுவனத் தலைவர் ஆம்புரோஸ் மோனெலின் பெயரைப் பெற்றது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மிச்சத்தில் பெரும்பகுதி செம்பு. கொஞ்சம் அலுமினியமும் டைட்டானியமும் சேர்த்து, சூட்டில் பதப்படுத்தி வலுவேற்றினால் கே-500. இன்கோனல் 718ஐ ஹெர்பர்ட் ஐசல்ஸ்டைன் 1950களின் கடைசியில் உருவாக்கினார். அதில் நிக்கலோடு குரோமியம், இரும்பு, சுமார் 5 சதவீதம் நயோபியம்.

வெப்பத்தில் போட்டியே இல்லை. நயோபியம் நிக்கலோடு சேர்ந்து உண்டாக்கும் நுண்துகள்கள் 718க்கு ஏறக்குறைய 650 டிகிரி செல்சியஸ் வரை வலுவைக் காத்துத் தருகின்றன. அதற்கு மேல் நெடுநேரம் நின்றால் அத்துகள்கள் டெல்டா என்னும் வேறு வடிவத்துக்கு மாறி, வலுக் குறையும். வாயு விசையாழிக்கு 718தான். மோனலைக் கேட்கவே வேண்டாம்.

கடலில்தான் கதை சிக்கலாகிறது. ஓடும் கடல்நீரில் மோனல் அருமையாக உழைக்கும். ஆனால் எண்ணெய்க் கிணற்று மேடைகளில் எஃகைத் துருவிலிருந்து காக்க அலுமினிய ஆனோடுகளைப் பொருத்துவார்கள். அந்தக் காவலே போல்ட்டுக்கு எமன். அதனால் போல்ட்டின் மேற்பரப்பில் உருவாகும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உலோகத்தை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவருகிறது. இழுப்பில் இருக்கும் கே-500 போல்ட் முன்னறிவிப்பின்றி முறியும். அப்படி முறிந்தவை பதிவில் உண்டு.

சரி, 718ஐப் போட்டுவிடலாமா? அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். விமானத் துறைக்கான 718ஐக் கரைசல் பதப்படுத்துவது, அதாவது துகள்கள் கரையும்படி சூடாக்குவது, சுமார் 940 முதல் 1010 டிகிரியில். உலோகத்தின் படிக மணிகள் பெரிதாகாமல் இருக்க, கொஞ்சம் டெல்டா அதில் இருந்தால் தவறில்லை. மணிகளின் எல்லையில் படரும் அதே டெல்டா, கடலடியில் ஹைட்ரஜனுக்கு வழி திறந்துவிடும். அதனால் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தரம் 1021 முதல் 1052 டிகிரி வரை கேட்கிறது. நுண்ணோக்கியில் உள்ளமைப்பைப் பார்க்கவும் சொல்கிறது.

எனவே என் ஓட்டு வெப்பத்துக்கு 718, ஆனோடு இல்லாத ஓடும் கடல்நீருக்கு கே-500. ஆனோடு உள்ள கடலடிக்கு எண்ணெய்த் துறைப் பதத்தில் வந்த 718. கொள்முதல் ஆணையில் 718 என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். எந்தத் தரத்தின்படி பதப்படுத்தியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.