தான் தயாரித்த புரதத்தை தானே வெட்டும் பாக்டீரியா.. காரணம் என்ன?

சலவைத்தூளில் ரத்தம், முட்டை கறைகளை நீக்க சேர்க்கப்படும் நொதிகளில் முக்கியமானது சப்டிலிசின். கறையில் உள்ள புரதத்தை வெட்டுவதுதான் இதன் வேலை. ஆனால் பாக்டீரியா மூலம் மருந்துக்கான புரதம் தயாரிக்க நினைப்பவர்களுக்கு இதே நொதிதான் பெரிய தலைவலி!

யார் இந்த பாக்டீரியா?

பேசில்லஸ் சப்டிலிஸ். மண்ணில் வாழ்வது. ஜப்பானியர்கள் சாப்பிடும் நாட்டோ என்ற சோயா உணவை நொதிக்க வைப்பதும் இதுதான். தயாரிக்கும் புரதத்தை இது செல்லுக்கு வெளியே தள்ளிவிடும். செல்லை உடைத்து எடுக்க வேண்டியதில்லை என்பதால் செலவு குறையும்.

அப்புறம் என்ன சிக்கல்?

புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் நொதிகளையும் இது சேர்த்தே வெளியே விடுகிறது. தொட்டியில் உணவு நிறைய இருக்கும்வரை, ஏபிஆர்பி என்ற புரதம் சப்டிலிசின் மரபணுவை பூட்டி வைத்திருக்கும். செல்கள் பெருகி, உணவு தீரத் தொடங்கினால் அந்தப் பூட்டு திறந்துவிடும். சுற்றியுள்ள புரதத்தை வெட்டித் தின்று பிழைப்பதற்கான ஏற்பாடு இது.

அதாவது, செல்கள் அதிகமாகி நல்ல விளைச்சல் கிடைக்க வேண்டிய நேரத்தில்தான் நொதிகளும் குவிகின்றன.

மருந்துப் புரதம் ஏன் மாட்டுகிறது?

புரதம் செல்லை விட்டு வெளியேறும்போது மடியாத நூல் போல இருக்கும். பாக்டீரியாவின் சொந்தப் புரதங்கள் பெரும்பாலும் சட்டென்று மடிந்து இறுகிவிடும். வேறு உயிரினத்தின் புரதம் மடிய நேரமாகும். அந்த இடைவெளியில் நொதி வெட்டிவிடுகிறது.

சரி, தீர்வு என்ன?

கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1991-ல் 6 புரோட்டியேஸ் மரபணுக்களை முடக்கிய டபிள்யூபி600 ரகத்தை உருவாக்கினர். வெளியே இருக்கும் நொதியின் செயல்பாடு 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பின்னர் 8 மரபணுக்களை முடக்கிய டபிள்யூபி800 வந்தது.

ஆனால் இதிலும் ஒரு விலை உண்டு. செல் சுவரைக் கரைக்கும் நொதிகளைக் கட்டுப்படுத்துவதும் இதே புரோட்டியேஸ்கள்தான். அவை இல்லாவிட்டால் செல்கள் எளிதில் உடைந்துபோகும். உள்ளே இருக்கும் வேறு புரோட்டியேஸ்கள் வெளியே கசியும்.

அதனால் மரபணுவை முடக்கினால் மட்டும் போதாது. பட்டினி வராதபடி உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது, வெப்பநிலையைக் குறைப்பது, நொதிகள் குவிவதற்கு முன்பே புரதத்தைப் பிரித்தெடுப்பது ஆகியவையும் தேவைப்படுகின்றன.