கப்பலின் எண்ணும் மாலுமியின் பெயரும்

பிரித்தானிய வணிகக் கப்பல்களில் பணிபுரிந்த ஒருவரின் கடல்வாழ்வை அவருடைய பேரப்பிள்ளைகள் தேடப் புகும்போது முதலில் மனத்தில் கொள்ளவேண்டியது, அவரைப் பற்றிக் கிடைக்கும் எந்தத் தாளும் அவருடைய நினைவைப் போற்றுவதற்காக எழுதப்பட்டதன்று என்பதே. கூலிக் கணக்கைத் தீர்ப்பதற்கும், கப்பலில் ஒழுங்கு காப்பதற்கும், போர் மூண்டால் கடற்படைக்கு ஆள் திரட்டுவதற்கும் எழுதப்பட்ட அந்தத் தாள்கள், அரசுக்கோ கப்பல் முதலாளிக்கோ அவர் தேவைப்பட்ட கணங்களில் மட்டும் அவர் பெயரைக் குறித்துக்கொண்டன. ஒரே மனிதர் பத்தாண்டுக் காலம் துல்லியமாகத் தெரிவதும், அடுத்த பத்தாண்டு முழுவதும் மறைந்துபோவதும் இதனால் நேர்பவை.

மாலுமிகளை ஒவ்வொருவராகப் பதிவுசெய்யும் முயற்சி 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரித்தானியாவில் தொடங்கியது. வலுக்கட்டாயமாக ஆள் பிடித்துப் போர்க்கப்பலில் ஏற்றும் பழைய கொடுமைக்கு மாற்றாக, நாட்டில் எத்தனை கடலோடிகள் உள்ளனர், அவர்கள் எங்கே இருக்கின்றனர் என்று முன்கூட்டியே அறிந்துவைப்பது அதன் நோக்கமாக இருந்தது. 1845 முதல் 1853 வரை ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட சீட்டு வழங்கப்பட்டு, அவருடைய உயரம், முடியின் நிறம், கண்ணின் நிறம், உடலிலுள்ள அடையாளங்கள் ஆகியவை பேரேட்டில் ஏற்றப்பட்டன. இடைவிடாது இடம்பெயர்ந்துகொண்டே இருந்த மக்களைப் பேரேட்டுக்குள் அடக்குவது இயலாமல் 1857இல் இம்முயற்சி கைவிடப்பட்டு, 1913இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட 56 ஆண்டுகளுக்குப் பெயர் வரிசையிலான நடுவண் பேரேடு என்று ஒன்று இல்லை.

அந்த நீண்ட இடைவெளியில் மாலுமியை அடைவதற்குக் கப்பலே வழி. 1854ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தை ஒட்டி, பதிவுபெற்ற ஒவ்வொரு கப்பலுக்கும் அதிகாரபூர்வ எண் ஒன்று வழங்கப்பட்டது. கப்பலின் பெயர் மாறினாலும், அது கைமாறினாலும், பிரித்தானியப் பதிவில் இருக்கும்வரை அந்த எண் மாறாது. ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடிய காலத்தில் இது பெரும் பேறு. கப்பல் புறப்படுமுன் கேப்டனுக்கும் மாலுமிகளுக்கும் இடையே எழுதப்பட்ட ஒப்பந்தமும், அதனுடன் சேர்ந்த மாலுமிப் பட்டியலும், பயணம் முடிந்ததும் இந்த எண்ணின்கீழ் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. வெளிநாட்டுப் பயணங்களுக்கான ஒப்பந்தம் இரு படிகளாக எழுதப்பட்டு ஒரு படி கரையிலேயே மாலுமிப் பணியமர்த்தலைக் கவனித்த கண்காணிப்பாளரிடம் தங்கியதால், கப்பல் மூழ்கிய நிலையிலும் அதில் சென்றோரின் பெயர்கள் கரையில் எஞ்சின.

ஒரு மாலுமிப் பட்டியலின் ஒரு வரியில் ஒருவருடைய வாழ்க்கை வியக்கத்தக்க அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. பெயர், வயது, பிறந்த ஊர், வேலை, மாதக் கூலி, ஏறிய நாளும் துறையும், இறங்கிய நாளும் காரணமும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. கடைசியில் அவருடைய கையொப்பம், எழுதத் தெரியாதவராயின் ஒரு சிலுவைக்கீற்று. பல குடும்பங்களுக்குத் தாத்தாவின் கைப்பட எஞ்சியிருப்பது இந்தக் கையொப்பம் ஒன்றே. எனினும் தேடுவோருக்கு மிகுந்த பயன் தருவது, அவர் இதற்குமுன் எந்தக் கப்பலில் இருந்தார் என்று குறிக்கும் கட்டமாகும். அதைப் பற்றிக்கொண்டு முந்தைய கப்பலின் பட்டியலுக்கும், அங்கிருந்து அதற்கு முந்தையதற்கும் சென்று, ஒருவருடைய பணிக்காலம் முழுவதையும் பின்னோக்கிக் கோத்துவிட முடியும். வயதை மட்டும் அப்படியே நம்பலாகாது. வேலை கிடைப்பதற்காகச் சிறுவர் கூட்டியும் முதியோர் குறைத்தும் சொல்வது வழக்கமாக இருந்தது.

இப்பட்டியல்கள் இன்று ஓரிடத்தில் இல்லை. காப்பதற்கு இடம் போதாமல், 1861 முதல் 1938 வரையிலான பட்டியல்களில் 10 விழுக்காட்டை மட்டும் மாதிரியாக வைத்துக்கொள்வதென்று இலண்டனின் அரசு ஆவணக் காப்பகம் முடிவு செய்தது. எஞ்சியவற்றில் 1861, 1862 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவையும், ஐந்தில் முடியும் ஆண்டுகளுக்கு உரியவையும் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. உள்ளூர்க் காப்பகங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டபின் மிஞ்சிய ஏறத்தாழ 70 விழுக்காடு, அட்லாண்டிக் கடந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலுள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தை அடைந்தது. அப்பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டிராவிட்டால் அவை அழிக்கப்பட்டிருக்கும் என்பதை எண்ணும்போது, அச்செயலுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். 1915ஆம் ஆண்டுப் பட்டியல்கள் தன்னார்வலர்களால் படியெடுக்கப்பட்டு, 7,50,000க்கும் மேற்பட்ட பெயர்களில் தேடத்தக்கனவாக இருப்பது, அவ்வாண்டில் கடலில் இருந்தவரின் பேரர்களுக்கு வாய்த்த நற்பேறு.

1913இல் மீண்டும் தொடங்கிய பதிவு அட்டைகளாக அமைந்தது. அவற்றுள் முதல் உலகப்போர்க் காலத்து அட்டைகள் 1969இல் அழிக்கப்பட்டன. எஞ்சியவற்றில் 1918 முதல் 1921 வரையிலான தனித்தொகுதி, மாலுமியின் ஒளிப்படம் ஒட்டப்பட்டது என்பதால் அருமையானது. பிற்கால அட்டைகளில் அவர் ஏறிய கப்பல்கள் பெயரால் அல்லாமல் அதிகாரபூர்வ எண்ணால் குறிக்கப்பட்டன. எண்ணுக்குரிய கப்பலை, ஆண்டுதோறும் அச்சான வணிகக் கப்பல் பட்டியலில் பார்க்கவேண்டும். 1941 மே மாதத்தில் வந்த அத்தியாவசிய வேலை ஆணை மாலுமிகளை ஒரு பொதுத் தொகுப்பில் சேர்த்து, பயணங்களுக்கு இடையிலும் ஊதியம் கிடைக்கச் செய்தபின், 1972 வரை நீளும் முழுமையான பணிப்பதிவுகள் உருவாயின.

வீட்டுப் பெட்டியில் கிடைக்கக்கூடியது பணிவிடுப்புப் புத்தகம். தனித்தாள்களாக இருந்த சான்றுகளுக்கு மாற்றாக 1900இல் வந்த இப்புத்தகத்தில், ஒவ்வொரு பயண முடிவிலும் திறமைக்கும் நடத்தைக்கும் ‘மிக நன்று’ என்ற முத்திரை பதிக்கப்பட்டது. அம்முத்திரைக்குப் பதிலாக, கருத்துக் கூற மறுப்பதாகக் கேப்டன் குறித்துவிட்டால், அடுத்த வேலை கிடைப்பதே அரிது. தூத்துக்குடியிலிருந்து இன்று கப்பலேறும் இளைஞர்கள் சிடிசி என்று சொல்லும் புத்தகம் இதன் வழித்தோன்றலே.

ஆனால் இந்த ஆவணச் செல்வம் எல்லார்க்கும் ஒரே அளவில் திறப்பதில்லை. 1914இல் பிரித்தானியக் கப்பல்களில் இருந்தவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவர், இலஸ்கர் என்று அழைக்கப்பட்ட தெற்காசிய மாலுமி. கொல்கத்தாவிலும் மும்பையிலும் எழுதப்பட்ட தனி ஒப்பந்தங்களின்கீழ், ஐரோப்பியர் பெற்றதில் ஒரு சிறு பங்கையே கூலியாகப் பெற்று, கொதிகலனுக்கு நிலக்கரி வாரியும் மேல்தளத்தில் கயிறு இழுத்தும் அவர்கள் உழைத்தனர். ஐரோப்பியர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி ஒதுக்கிய பிரித்தானியப் பட்டியல், இலஸ்கர்களைப் பல வேளைகளில் வெறும் தலையெண்ணிக்கையாக அடக்கிவிட்டு, பெயர்களைத் தனித்தாளுக்குத் தள்ளியது. அத்தாள் தவறினால் பெயரும் தவறியது. அங்கேயும் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர், ஒரே மனிதரைக் கப்பலுக்குக் கப்பல் வேறு வேறு ஆளாக்கியது.

மறைவிலும் இப்பிரிவினை தொடர்ந்தது. சிறுவர்களைக் கனடாவுக்கு ஏற்றிச்சென்ற ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ 1940 செப்டம்பர் 17 இரவில் நீர்மூழ்கிக் குண்டுக்கு இரையாகி, 90 சிறுவர்களில் 77 பேர் இறந்த நிகழ்வு பிரித்தானியாவில் நன்கு நினைவுகூரப்படுகிறது. அக்கப்பலை ஓட்டிய மாலுமிகளுள் பெரும்பாலோர் இலஸ்கர்கள். இறந்த ஐரோப்பிய மாலுமிகளின் பெயர்கள் இலண்டன் டவர் ஹில் நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. போரில் கடலில் மறைந்த இந்திய மாலுமிகள் ஏறத்தாழ 6,500 பேரின் பெயர்களோ சிட்டகாங்கிலும் மும்பையிலும் வைக்கப்பட்ட நினைவுப் புத்தகத்தில் உள்ளன.

ஓர் இலஸ்கரின் பேரர் தேடவேண்டியது பெரும்பாலும் தாத்தாவின் பெயரையன்று, அவருடைய சாரங்கின் பெயரையே. சாரங்கு என்பவர் மேல்தளத்திலோ எந்திர அறையிலோ பணிபுரியும் குழுவின் தலைவர். தண்டேல் அவருக்கு அடுத்தவர். சாரங்கு தம் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆட்களைத் திரட்டினார், அக்குழு அவருடனேயே கப்பல் மாறியது. ஆகவே ஒரு பட்டியலில் சாரங்கு அடையாளம் தெரிந்துவிட்டால், அவருக்குக் கீழே திரிந்த எழுத்துகளில் வரும் பெயர்களைத் தந்தை பெயரோடும் ஊர்ப்பெயரோடும் ஒப்பிட்டு, தாத்தா எந்த வரியில் இருக்கிறார் என்று கண்டுகொள்ள வழி பிறக்கிறது.