படையுடையும் மலைநாடும்

பழைய நாணயங்களையும் முத்திரைகளையும் தேடித் தொகுப்போர் உண்டு. அவ்வாறே பழைய படையுடைகளைத் தொகுப்போரும் உலகெங்கும் உளர். அவர்களுட் பலர் நாடுவது ஜேர்மன் படையுடைகளையே. இரண்டு உலகப் போர்களின் காலத்தில் அந்நாட்டுப் போர்வீரரும், அரசியற் கட்சிகளின் துணைப் படையினரும் அணிந்த மேற்சட்டை, தொப்பி, இடைவார், பொத்தான் ஆகியவை இன்று ஏல மண்டபங்களிற் பெரும் விலைக்குப் போகின்றன. தேயிலை விளையும் அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இதனோடு என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவக்கூடும். தொடர்பு உண்டு. அதனைக் காணுமுன் அவ்வுடைகளைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும்.

தேர்ந்த சேகரிப்பாளன் படையுடையை ஏடு போல வாசிப்பான். 1842இல் பிரசிய அரசு புகுத்திய கூர்முனைத் தலைக்கவசம் பதப்படுத்திய தோலினால் ஆனது. அணிவகுப்பில் அது கம்பீரமாகத் தோன்றியதேயன்றிச் சிதறி வரும் குண்டுத் துண்டைத் தடுக்கவில்லை. ஆகவே 1916இல் உருக்குக் கவசம் அதன் இடத்தைப் பெற்றது. தொப்பியின் முன்புறத்தில் இரண்டு வட்டச் சின்னங்கள் இருக்கும். ஒன்று பேரரசுக்கு உரியது. மற்றொன்று பிரசியா, பவேரியா, சக்சனி என அவ்வீரனின் சொந்த அரசுக்கு உரியது. ஜேர்மனி பல அரசுகளின் கூட்டாக இருந்தது என்பதை ஓர் அதிகாரம் முழுவதும் எழுதி விளக்குவதைவிட அச்சிறு சின்னம் எளிதில் விளக்கிவிடும்.

துணைப் படையின் உடைக்கு வேறு கதை. ஹிட்லரின் கட்சிப் படையினர் அணிந்த கபில நிறச் சட்டை முதலில் அக்கட்சிக்கெனத் தைக்கப்பட்டதன்று. கிழக்கு ஆபிரிக்கக் குடியேற்றத்திலிருந்த ஜேர்மன் படைக்காகத் தயாரித்து, போர் முடிந்தபின் வேண்டுவாரற்றுக் கிடந்த சட்டைகளை 1920களில் மலிவாக வாங்கியதே அதன் தொடக்கம். 1930இல் பிரசிய அரசு அவ்வுடையைத் தடை செய்தது. உடனே அப்படையினர் வெள்ளைச் சட்டை அணிந்து ஊர்வலம் சென்றனர். தடை சட்டையைத் தொட்டது. உள்ளிருந்த ஆளைத் தொடவில்லை.

சேகரிப்போர் பலர் புரட்டாத பக்கம் ஒன்றும் உண்டு. பெர்லினுக்கு வடக்கே ராவன்ஸ்புரூக் என்னுமிடத்தில் 1939இல் பெண்களுக்கென வதைமுகாம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கே அடைபட்ட பெண்களைக் கொண்டே எஸ்.எஸ். படையினரின் உடைகள் தைக்கப்பட்டன. அடிக்கும் பட்டினிக்கும் அஞ்சியவாறு அவர்கள் இட்ட தையலின் நேர்த்தியையே சிலர் இன்று கண்ணாடி வைத்துப் பார்த்து மெச்சுகின்றனர். உடையை அணிந்தவன் யார் என்பதோடு கேள்வி முடிவதில்லை. தைத்தவர் யார், அதன் எதிரே நின்றவர் யார் என்பனவும் வரலாற்றுக் கேள்விகளே. அக்கேள்விகளோடு மலைநாட்டை நோக்கினால் எவரும் எதிர்பாராத காட்சிகள் தென்படுகின்றன.

மலையேறும் இருப்புப்பாதை 1885இல் நானுஓயாவை அடைந்து, 1894இல் பண்டாரவளை வரை நீண்டது. 1900ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல், தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர் கைதிகள் அப்பாதை வழியே தியத்தலாவை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் தொகை ஏறத்தாழ 5,000. போயர் பக்கம் நின்று போரிட்ட ஜேர்மானியர் சிலரும் அவர்களோடு இருந்தனர். அட்டன் மலைச் சரிவுகளிற் கொழுந்து பறித்தோர் அந்த வண்டிகளைப் பார்த்திருப்பின், படைவீரரைக் கண்டதாக எண்ணியிரார். போயருட் பெரும்பாலோர் உழவர்; வீட்டில் அணியும் கோட்டும் அகன்ற விளிம்புத் தொப்பியுமே அவர்கள் போருக்கு அணிந்து சென்ற உடை. எனவே அவர்கள் நினைவாக இன்று சேகரிக்கப்படுவன சீருடைகள் அல்ல. முகாமிற் பொழுது போகாமல் அவர்கள் மரத்திற் செதுக்கிய கைப்பொருட்களே.

அதே 1900ஆம் ஆண்டிற் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தோட்டத் துரைமார் துப்பாக்கிப் படை அமைக்கப்பட்டது. தோட்டங்களை நடத்திய ஐரோப்பியரே அதன் உறுப்பினர். காலையிற் பிரட்டுக்களத்தில் ஆளெண்ணி வேலைக்கு அனுப்பும் துரை, பயிற்சி நாளிற் காக்கி உடுத்துத் துப்பாக்கி ஏந்துவார். லயத்தில் வாழ்ந்தவர்க்கு இரண்டு துரையும் ஒருவரே. 1914 அக்டோபரில் அப்படையினர் இருநூறு பேருக்கு மேல் எகிப்துக்குக் கப்பலேறினர். பின்னர் கலிப்பொலியிற் பேர்ட்வுட் தளபதியின் காவலராகவும் பணியாற்றினர். படையின் வரலாறு முறையாக எழுதப்பட்டுள்ளது. அவர்கள் இல்லாத நாட்களில் கொழுந்து தவறாமற் கொழும்புக்கு இறங்கியது எவர் உழைப்பால் என்பதற்கு அத்தகைய ஏடு இல்லை.

அவர்கள் புறப்படுமுன்னரே போர் இந்துமாகடலுக்கு வந்திருந்தது. எம்டன் என்னும் ஜேர்மன் போர்க்கப்பலின் பெயரை அறியாத தமிழர் இலர். 1914 செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு சென்னையைத் தாக்கியதால் அப்பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. அதே மாதம் வங்கக் கடலில் அது மூழ்கடித்த ‘டிப்ளோமற்’ கப்பல் நிறையத் தேயிலை இருந்தது. நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவருகே ‘சிட்னி’ என்னும் அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் எம்டனை வீழ்த்தியது. காயமுற்ற ஜேர்மன் மாலுமிகளோடு சிட்னி கொழும்புத் துறைமுகத்தை அடைந்தபோது, வெற்றி ஆரவாரம் வேண்டா என அதன் தலைவர் கேட்டுக்கொள்ள, அங்கு நின்ற கப்பல்கள் அமைதி காத்தன. படையுடையை மறந்து மனிதனைக் கண்ட கணம் அது. எம்டனிற் கிடைத்த மெக்சிக்கோ வெள்ளி நாணயங்கள் பின்னர் பதக்கங்களாக்கப்பட்டன. இன்று அவையும் சேகரிப்போரின் தேட்டத்துக்கு உரியன.

இலங்கையில் வாழ்ந்த ஜேர்மானியர் 1914இல் பகைநாட்டாராயினர். அவர்கள் அடைக்கப்பட்ட இடமும் தியத்தலாவையே. அவர்களுள் ஒருவர் அணிந்திருந்தது காவி. 1878இல் வீஸ்பாடன் நகரிற் பிறந்து, இசை பயின்று, பர்மாவிற் பௌத்தத் துறவு பூண்டு, 1911இல் தொடந்துவைக்கு அருகே தீவு மடத்தை நிறுவிய ஞானதிலோக தேரரே அவர். 1915இல் அவரை அவுஸ்திரேலிய முகாமுக்கு அனுப்பினர். நாடுகள் பல அலைந்து 1926இல் அவர் இலங்கை மீண்டார். 1939இல் மறுபடியும் தியத்தலாவை. அதன்பின் இந்தியாவின் டேராடூன் முகாம். அவருடைய மாணவர் ஞானபொனிக தேரர் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். நாசி ஆட்சி அவரைப் போன்றோரை அழிக்க முனைந்தது. எனினும் ஜேர்மானியர் என்பதால் அவரும் அடைக்கப்பட்டார். டேராடூனில் நாசி ஆதரவாளருக்கும் எதிர்ப்பாளருக்கும் தனித்தனிப் பகுதிகள் வகுக்க நேர்ந்தது என்றால், பகைவன் யார் என்று தேர்வது எத்துணைக் கடினம் என்பது புலப்படும். இருவரும் 1946இல் இலங்கை திரும்பினர். 1950 டிசெம்பரில் ஞானதிலோகர் இந்நாட்டுக் குடிமகனானார். 1957இல் அவர் மறைந்தபோது அரச மரியாதையோடு இறுதிக்கிரியை நடைபெற்றது.

இருமுறை பகைவராக அடைபட்ட ஒருவரைக் குடிமகனாக ஏற்றது நாட்டின் பெருந்தன்மையே, அதில் ஐயமில்லை. ஆயினும் அதற்கு இரண்டாண்டு முன்னர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், எந்தப் படையுடையும் அணியாத, எவரையும் எதிர்த்துப் போரிடாத மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியிருந்தது. எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது.

துரைமார் படை 1949இற் கலைக்கப்பட்டது. தியத்தலாவை இப்போது இலங்கை இராணுவ அதிகாரிகள் பயிற்சி பெறும் இடம். கம்பளைப் பகுதித் தோட்டமொன்றில் 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று திறக்கப்பட்டது. லயத்து மக்கள் புழங்கிய பொருட்களும், வேலைக்கருவிகளும், பழைய பத்திரங்களும் அங்கே தொகுத்து வைக்கப்பட்டுள்ளன.